கூப்பிடுவதற்கு முன்பே

நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை தெருவில் இறங்கினால், பால்காரரிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் வரை ஆளுக்கொரு படிப்பைச் சொல்லி அனுப்புவார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் ஒரு சித்தப்பா அவன் எதிர்காலத்தையே முடிவு செய்துவிடுவார். கேட்காமலே வந்து விழும் இந்தப் பேச்சில் வளரும் பிள்ளைகள், முகத்தில் எதையும் காட்டாமல் தலையாட்டிவிட்டு நகர்வதில் தேர்ந்துவிடுகிறார்கள். அறிவுரையைப் பொறுத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியும், கேட்டு வாங்கத் தெரியாது. கல்லூரியில் மென்டர் என்றோ டியூட்டர் என்றோ ஓர் ஆசிரியரை ஒதுக்கினால், அவரையும் அந்தச் சித்தப்பா வரிசையில்தான் உட்கார வைக்கிறார்கள்.

கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிப்பவன் நான். ஒவ்வோர் ஆண்டும் இருபது, இருபத்தைந்து பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று என் மேசைக்கு வரும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் நான் கூப்பிட்டால்தான் வருவார்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும், அல்லது இன்டர்னல் தேர்வு எழுதியிருக்க மாட்டார்கள், அல்லது வீட்டிலிருந்து யாரையாவது அழைத்துவர வேண்டியிருக்கும். தாமாக வருவது கையெழுத்துக்கு மட்டும். ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தை நீட்டிவிட்டு, நான் பேனாவைத் தேடுவதற்குள் கதவைப் பார்ப்பார்கள். மென்டர் நோட்டின் கதை தனி. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரப்போகிறது என்றால், அதற்கு முந்தைய வாரம் ஓராண்டு ஆலோசனை முழுவதும் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் நடந்து முடிந்துவிடும். ‘மாணவர் ஊக்கப்படுத்தப்பட்டார்’ என்ற வரியை எத்தனை பக்கங்களில் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது அது பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. கல்லூரி போர்ஷனை முடிக்கும், மாணவர் பரீட்சை எழுதுவார். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஆலோசகருக்கு என்ன வேலை? அட்டெண்டன்ஸைக் காவல் காப்பதுதான். ஹார்வர்டில் சார்லஸ் எலியட் 1869-இல் தலைமைப் பொறுப்பேற்று, மாணவரே பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் முறையை விரிவாக்கியபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்று கூட உட்கார்ந்து பேச ஆள் தேவைப்பட்டது. நமக்கு, பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் கிரெடிட் முறையான சி.பி.சி.எஸ். வந்ததும் எலெக்டிவ், நான்-மேஜர் எலெக்டிவ், கிரெடிட் எல்லாம் சேர்ந்தே வந்தன. ஆலோசகர் மட்டும் பழைய காவல் வேலையிலேயே இருக்கிறார். மாணவரும் தோழன் எந்தப் பாடத்தில் சேர்கிறான், யார் தாராளமாக மார்க் போடுவார் என்று பார்த்துத் தேர்ந்துகொள்கிறார். சில துறைகளில் அந்தத் தேர்வும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே எலெக்டிவை முடிவுசெய்துவிட்டு, விருப்பப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

ஆகவே ஆலோசகரிடம் ஞானத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பேன். வாழ்க்கையைப் பற்றி எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் இன்று வைக்கும் ஒரு டிக் நான்கு ஆண்டு கழித்து எங்கே போய் முட்டும் என்பது கொஞ்சம் தெரியும். பல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோமே.

ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு தமிழ் வழியிலும் உண்டு, ஆங்கில வழியிலும் உண்டு. ஜூன், ஜூலையில் தமிழ் வழியில் சேர்ந்த சிலர், ஆங்கில வழிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று வருவார்கள். மதிப்பாக இருக்கும், வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார். ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தம் அதை இறுக்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பெரும்பாலும் பத்தாம் வகுப்புதான் தகுதி என்பதால், கல்லூரியில் எந்த வழியில் படித்தாலும் அங்கே நட்டமில்லை. குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். அங்கே, பன்னிரண்டு வருடம் அரசுப் பள்ளியில் தமிழில் படித்துச் சேர்த்ததை ஒரு மாற்றல் கடிதத்தில் விட்டுவிட நேரும். அதற்காக எல்லாரும் தமிழ் வழியிலேயே இருங்கள் என்று நான் சொல்வதில்லை. வெளிமாநிலத்தில் எம்.ஏ. படிக்க நினைக்கிறவளுக்கும் தனியார் வேலையைக் குறிவைத்திருக்கிறவனுக்கும் ஆங்கில வழி கைகொடுக்கலாம். எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதும். கேட்க வருகிறவர்கள்தான் குறைவு.

பட்டத்தின் பெயரும் இப்படித்தான். வழக்கமான பெயரோடு புதிதாக ஏதாவது ஒட்டிக்கொண்ட படிப்புகள் விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் பட்டம் மூலப் பட்டத்துக்கு இணையானது என்று ஜி.ஓ. இருக்கிறதா என்ற கேள்வி எழும். அப்போது ஓடுவதைவிட, முதலாண்டிலேயே துறைத்தலைவரிடம் கேட்டு அந்த அரசாணையின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது எளிது.

எப்படிக் கேட்பது என்பதிலும் நிறைய இருக்கிறது. “சார், நான் அடுத்து என்ன பண்ணலாம்?” என்று ஒருவன் வந்து நின்றால், எனக்குள் இருக்கும் சித்தப்பா விழித்துக்கொள்வார். பி.எட். பண்ணு, டி.என்.பி.எஸ்.சி. படி, வங்கித் தேர்வும் எழுதிப் பார் என்று சரம் சரமாக வரும். அவனும் வழக்கம்போலத் தலையாட்டுவான். இன்னொருத்தி மார்க் ஷீட்டோடு வந்தாள். “சார், ரெண்டாம் செமஸ்டர்ல ஒரு அரியர் இருக்கு. நாலாம் செமஸ்டர்ல அதையும் சேர்த்து எழுதினா ஏழு பேப்பர் ஆகுது. தொல்லியல் எலெக்டிவ் எடுக்க ஆசை, ஆனா அதுக்கு ஃபீல்டு ட்ரிப் இருக்கு, வீட்டுல விடுவாங்களான்னு தெரியல. எதை முதல்ல பார்க்கட்டும்?” என்றாள். இந்தக் கேள்வியில் பாதி வேலையை அவளே முடித்துவிட்டாள். மீதிப் பாதிக்கு என்னிடம் விஷயம் இருந்தது. அந்தப் பயணம் ஒரே நாளில் திரும்புவது, இரண்டு மேடம்கள் கூட வருவார்கள், வீட்டில் நம்பாவிட்டால் நானே அவள் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். அரியரை முடிக்கச் சீனியர் ஒருத்தியின் நோட்ஸும் வாங்கிக் கொடுத்தேன்.

கேள்வியோடு வரத் தயங்குவதற்கு வேறு காரணமும் உண்டு, அது நியாயமானது. மனம்விட்டுப் பேசு என்று கல்லூரி சொல்லும் அதே ஆசிரியர் கையில்தான் இன்டர்னல் மார்க்கும் இருக்கிறது. “இந்தப் பாடம் எனக்குப் புரியவே இல்லை” என்று அதை நடத்துகிறவரிடமே சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? எங்கள் ஆட்களில் அதை மனத்தில் வைத்திருந்து மார்க்கில் காட்டுகிறவர்களும் உண்டு. இதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரியும். பட்டியலில் இருக்கும் பெயரோடு நிற்காதீர்கள். உங்களுக்கு மார்க் போடாத ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். வேறு துறையாக இருந்தாலும் பரவாயில்லை. விதிமுறை பற்றிய சந்தேகம் என்றால் ஆசிரியரைவிடத் தேர்வுப் பிரிவு அலுவலக அண்ணனைக் கேட்பது மேல். மறுகூட்டலுக்குக் கடைசி நாள், அட்டெண்டன்ஸ் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம், உதவித்தொகைப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் எந்த மேசை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேராசிரியர்களில் பாதிப் பேர் அவரிடம் கேட்டுத்தான் உங்களுக்குச் சொல்கிறோம்.

அப்பா அம்மா கல்லூரி வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். வாத்தியார் வீட்டுப் பையனுக்கு இந்தச் செய்திகளெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்துவிடும், அவன் மென்டரைப் பார்க்காமலேகூடத் தேறிவிடுவான். முதல் பட்டதாரிக்குக் கேட்க வேறு வாசல் இல்லை. ஆனால் ஆசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்பதும், “அப்புறம் வர்றேன் சார்” என்று திரும்பிவிடுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். அப்படித் திரும்புகிறவர்களை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலியைக் காட்டுவது எங்கள் பொறுப்பு. அதை விட்டுவிட்டு மாணவர்களுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை.

சொன்னதைக் கேட்டே தீர வேண்டும் என்பதும் இல்லை. நான் வேண்டாம் என்ற படிப்பில் சேர்ந்து நன்றாக இருப்பவர்கள் உண்டு. கேட்ட பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போங்கள். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் வருகிறவரைப் பற்றி எழுத என்னிடம் ரோல் நம்பரைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. இடையில் நாலு முறை வந்துபோனவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத முடியும்.

இன்னொரு பயனும் உண்டு. தமிழ் வழிச் சட்டத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் நடைமுறை எனக்குத் தெரிய வந்தது பழைய மாணவன் ஒருவனால். சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனவன் திரும்பி வந்து, “சார், காலேஜ் சர்டிபிகேட் மட்டும் போதாது, படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் தனித்தனியா கேக்குறாங்க. எங்க ஆரம்பப் பள்ளி ஹெட்மாஸ்டரைத் தேடி ரெண்டு நாள் அலைஞ்சேன்” என்றான். அதிலிருந்து முதலாண்டுப் பட்டியல் கைக்கு வந்ததுமே, ஊருக்குப் போகும்போது பழைய பள்ளிகளில் தமிழ் வழிச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும், “சார், அதுக்கு லெட்டர் எப்படி எழுதணும்?” என்று கேட்கிறார்கள்.