சொல்லைத் தட்டாதவர்

‘பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை’ என்பதை நாம் இன்னும் பெரிய பாராட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை பற்றி விசாரிக்கும்போதும் வேலைக்கு ஆள் சிபாரிசு செய்யும்போதும் இதைச் சொல்லிவிட்டால், மேற்கொண்டு யாரும் துருவுவதில்லை. சிபாரிசுக் கடிதங்களில் நானும் இதையே வேறு வார்த்தைகளில் எழுதியதுண்டு. அமெரிக்காவின் 14-வது ஜனாதிபதி ஃபிராங்க்ளின் பியர்ஸின் வாழ்க்கையைப் படித்தபிறகு, அந்தப் பாராட்டு கொஞ்சம் உறுத்த ஆரம்பித்திருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹில்ஸ்பரோ என்ற மலைநாட்டு ஊரில் 1804-ல் பிறந்தவர் பியர்ஸ். அப்பா பெஞ்சமின், சுதந்திரப் போரில் சண்டையிட்டவர். பின்னாளில் மாநில ஆளுநரானவர். மகன் வக்கீலுக்குப் படித்து, சுற்றுவட்டாரக் கோர்ட்டுகளில் பெயர் வாங்கினார். ஒருமுறை பார்த்த முகத்தையும் பெயரையும் மறக்கமாட்டார். ஜூரிகளிடம் பேச ஆரம்பித்தால் அவர்களைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவார். ஏழைகள் வழக்கென்றால் ஃபீஸ் வாங்காமலும் நடத்தியிருக்கிறார். இடையில் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை, பிறகு செனட். தலைநகரத்து வாழ்க்கை மனைவி ஜேனுக்குப் பிடிக்கவேயில்லை. 1842-ல் செனட் பதவியை விட்டு ஊருக்குத் திரும்பி, மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டினார். அட்டர்னி ஜெனரல் பதவியை ஜனாதிபதி போல்க் தர முன்வந்தபோதும் மறுத்தார். தேசம் போருக்கு அழைத்தாலொழிய இனிக் குடும்பத்தைப் பிரிவதில்லை என்று பதில் எழுதினார்.

போருக்கான அழைப்பு வந்தது. மெக்சிகோவுக்குப் போகச் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்த மனிதர், 1847-ல் பிரிகேடியர் ஜெனரலாகக் கப்பலேறினார். அரசியல் செல்வாக்கில் வந்த பதவி அது, சந்தேகமில்லை. ஆனாலும் அவர் அங்கே நடந்துகொண்ட விதத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கான்ட்ரெராஸ் சண்டையில் பீரங்கிச் சத்தத்துக்குக் குதிரை மிரண்டது. சேணத்தின் முன்மேடு அடிவயிற்றில் இடித்து, குதிரையோடு விழுந்து, முழங்காலும் போயிற்று. மறுநாள் சுருபுஸ்கோவில், ‘உங்களால் முடியாது, பின்னால் போங்கள்’ என்றார் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட். கெஞ்சிக் கூத்தாடிக் களத்திலேயே நின்றார் பியர்ஸ். கடைசியில் வலி தாங்காமல் மயங்கி விழுந்தார்.

1852 ஜனாதிபதி தேர்தலில் பியர்ஸ் நின்றபோது, எதிர்க்கட்சியான விக் கட்சி அந்த ஸ்காட்டையே அவருக்கு எதிராக நிறுத்தியது. அந்த மயக்கத்தை வைத்துத்தான் கேலி நடந்தது. கோழை என்றார்கள். பியர்ஸின் குடிப்பழக்கத்தையும் சேர்த்து, பல பாட்டில்களை வென்ற வீரர் என்றார்கள். அவருடைய ராணுவச் சாதனைகள் என்று கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிப் புத்தகம் அச்சிட்டு விற்றார்கள். இல்லினாயில் இருந்த இன்னொரு நாட்டுப்புற வக்கீலும் ஸ்ப்ரிங்ஃபீல்ட் மேடையில் பியர்ஸைக் கிண்டலடித்தார். அவர் ஆப்ரகாம் லிங்கன். 1832-ல் பிளாக் ஹாக் போரில் ஊர்ப்படைக்குக் கேப்டனாக இருந்தவர். சண்டை எதையும் பார்க்காதவர். தான் கொசுக்களோடு மட்டுமே ரத்தம் சிந்திப் போராடியதாக 1848-லேயே நாடாளுமன்றத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தவர். தன்னைக் கேலிசெய்துகொள்பவருக்கு அடுத்தவரைக் கேலிசெய்யவும் ஒரு லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது.

பியர்ஸ் தரப்பிலும் புத்தகம் வந்தது. கல்லூரித் தோழரான நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தேர்தலுக்கென்றே எழுதிக்கொடுத்தார். பின்னர் லிவர்பூலில் தூதரகப் பதவி பெற்றார். ஒரே முழங்கால் காயம், ஒரு புத்தகத்தில் தியாகம், இன்னொன்றில் நகைப்பு. எனக்கு இரண்டிலுமே ஒரே கோளாறு தெரிகிறது. அந்த மனிதருக்குத் துணிச்சல் உண்டா இல்லையா என்று இரு தரப்பும் சண்டை போட்டார்களே ஒழிய, யாரும் சொல்லிக்கொடுக்காதபோது அவர் என்ன முடிவெடுப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வக்கீலுக்குக் கட்சிக்காரர் இருக்கிறார்; எந்தப் பக்கம் வாதாடுவது என்று அவர் தேடவேண்டியதில்லை. அதிகாரிக்கு மேலே தளபதி இருக்கிறார். இரண்டு தொழிலிலும் இலக்கை வேறொருவர் வைத்துவிடுகிறார்; திறமையும் நெஞ்சுரமும் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வருகின்றன.

அவருடைய கட்சியின் பால்டிமோர் மாநாட்டில் 49-வது சுற்று வாக்கெடுப்பில்தான் அவர் வேட்பாளரானார். முதல் 34 சுற்றுகளில் அவர் பெயரே இல்லை. பெரிய தலைகள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தபிறகு, யாரையும் பகைத்துக்கொள்ளாத ஆள் தேவைப்பட்டார். செய்தி கேட்டு ஜேன் மயங்கி விழுந்தார். அப்பா தோற்கவேண்டும் என்று விரும்பினான் மகன் பென்னி. ஆனால் பியர்ஸ் 27 மாநிலங்களை வென்றார். ஸ்காட்டுக்குக் கிடைத்தவை நான்கு.

1853 ஜனவரி 6 அன்று மாசசூசெட்ஸில் ஆண்டோவர் அருகே ரயில் தடம்புரண்டு, பெற்றோர் கண்முன்னே பென்னி இறந்தான். வயது 11. மற்ற இரண்டு பிள்ளைகளை முன்பே பறிகொடுத்திருந்தார்கள். இதைக் கழித்துவிட்டு அவருடைய ஆட்சியை எடைபோடுவது நியாயமில்லை. ஆனாலும் எடைபோட்டுத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

1854 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று அலுவல் பார்க்காத மனிதரிடம், போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் மூலமாக வழி ஏற்பாடு செய்துகொண்டு, செனட்டர் ஸ்டீபன் டக்ளஸும் தெற்கத்தியத் தலைவர்களும் வந்தார்கள். கான்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் அடிமைமுறையை 1820 முதல் தடுத்துவைத்திருந்த மிசூரி உடன்பாட்டை விலக்கவேண்டும் என்றார்கள். அவருக்குத் தயக்கம் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார், அதற்கான சட்டத்தில் மே 30-ல் கையெழுத்தும் போட்டார். கட்சி உடையாமல் இருந்தால் நாடு உடையாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்றே நினைக்கிறேன். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். கட்சிக்காரர் கேட்டார், வக்கீல் வாதாடினார். கான்சாஸில் அடிமைமுறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆயுதமேந்தி ஆட்களைக் கொன்றார்கள். 1856-ல் சொந்தக் கட்சியே அவரை மறுபடி நிறுத்த மறுத்து, ஜேம்ஸ் புக்கானனைத் தேர்ந்தெடுத்தது.

சுருபுஸ்கோவில் தளபதி ‘போ’ என்றபோது ‘மாட்டேன்’ என்று நின்றவர்தான் அவர். ஆனால் அது முன்னே போய்ச் சண்டை போடுவதற்காகக் காட்டிய பிடிவாதம். தன்னுடைய ஆட்கள் எல்லோரும் ஒருபக்கம் நிற்க, எதிர்ப்பக்கம் தனியாக நிற்கும் பிடிவாதம் வேறு. முதலாவதற்கு மெடல் உண்டு, புத்தகம் உண்டு, ஓட்டும் உண்டு. இரண்டாவது பிடிவாதம் உள்ளவர் என்று எந்தச் சிபாரிசுக் கடிதத்திலும் நான் படித்ததில்லை. எழுதியிருந்தால் அந்த ஆளை வேலைக்கு எடுத்திருப்போமா என்பதும் சந்தேகம்தான்.

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்ட செய்தி வந்ததும், கான்கார்டில் பியர்ஸின் வீட்டின்முன் கோபத்தோடு கூட்டம் கூடியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஜனாதிபதியாக இருந்த லிங்கனைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். ‘உங்கள் வீட்டில் கொடி எங்கே?’ என்று கேட்டார்கள். வெளியே வந்த பியர்ஸ், அந்தக் கொலையைத் தானும் கண்டித்தார். அப்பாவும் சகோதரர்களும் தானும் நாட்டுக்காகப் போருக்குப் போனதைச் சொன்னார். 35 ஆண்டுகளுக்கு மேலான சேவையில் என் பற்று தெரியவில்லையென்றால் இனிமேல் ஒரு கொடியால் தெரியப்போவதில்லை என்ற பொருளில் பேசினார். குரலில் அந்தப் பழைய வசியம் மிச்சமிருந்திருக்கவேண்டும். கூட்டம் ஒன்றும் செய்யாமல் கலைந்துபோனது.