பூட்டிய கணக்கும் திறக்கும் உரிமையும்

ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாயிருத்தல், அப்பொருளினுள் உள்ள அனைத்தையும் அறியும் உரிமையையும் அவருக்கு அளிக்குமா என்ற வினா புதியதன்று. கடிதம், நாட்குறிப்பு, பெட்டகம் முதலியவை பற்றி முன்னர் எழுந்த அவ்வினா இன்று வன்னிப் பெருநிலப்பரப்பிலே வேறொரு கோலத்தில் எழுந்துள்ளது. 2009ஆம் ஆண்டின் பின் மக்கள் மீளக் குடியமர்ந்த கிராமங்களின் பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் பாவித்த கணினிகள் நன்கொடையாக வந்து சேர்ந்தன. அவற்றை நிறுவித் தந்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அல்லது கடல் கடந்தார். அல்லது திட்டம் முடிவுற அவரது வேலையும் முடிவுற்றது. கணினி மட்டும் எஞ்சியது. திரையில் ‘நிர்வாகி’ என்ற பெயரும் அதன் கீழ் ஒரு வெற்றுக் கட்டமும் நிற்கின்றன. அக்கட்டத்துள் இடவேண்டிய சொல்லை அறிந்தவர் ஊரில் இல்லை.

இதனை வெறும் தொழில்நுட்ப இடையூறு என்றே பலர் கருதுவர். கிளிநொச்சி நகரிலே கணினி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் கொடுத்தால், நாம் தேநீர் குடித்து முடிக்குமுன் அவர் அதனைத் தீர்த்துத் தந்துவிடுவார். சட்டமும் இதற்குத் தடையன்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், உரிய அதிகாரமில்லை என அறிந்தும் நுழைதலையே குற்றமாகக் கொள்கின்றது. ஆயினும் வினா அவ்வளவில் தீர்ந்துவிடவில்லை என்பதே எனது துணிபு. அந்த இளைஞர் உண்மையில் என்ன செய்கின்றார் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

அவர் மறைந்துபோன சொல்லைக் கண்டுபிடிப்பதில்லை. அச்சொல் கணினியினுள் சொல்லாக இருப்பதுமில்லை. 1960களின் தொடக்கத்தில், மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்திய காலத்தில், கடவுச்சொற்கள் எழுதியபடியே ஒரு கோப்பிற் கிடந்தன. 1962இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டெடுத்துப் பிறர் கணக்குகளிலும் வேலை செய்தார். பின்னர், சொல்லை மீட்க இயலாதவாறு உருமாற்றி, அவ்வுருவை மட்டும் சேமிக்கும் முறை வழக்கில் வந்தது. அதனை ரொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். அரிசியை இடித்து மாவாக்கலாம். மாவை அரிசியாக்க இயலாது. வின்டோஸ் எக்ஸ்பியும் இவ்வாறே சொல்லின் உருவை மாத்திரம் வைத்திருக்கின்றது. நோர்வே நாட்டவரான பேற்றர் நோர்டால் ஹேகன் ஆக்கிய சிறு மென்பொருளைக் குறுந்தட்டிலிருந்து இயக்கினால், அது அவ்வுருவை அழித்து வெறுமையாக்கி விடும். (எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பிலோ, உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கிற்குத் தொடக்கத்திற் கடவுச்சொல்லே இராது. ‘சேஃப் மோட்’ என்னும் நிலையில் இயக்கினால் அது தானே திறந்துகொள்ளும். பூட்டியதென நாம் அஞ்சி நின்ற கதவு சும்மா சாத்தியே கிடந்தது எனலாம்.)

ஆகவே இங்கு நிகழ்வது சொல்லை மீட்டலன்று. பழைய நிர்வாகியைப் பதவி நீக்குதலே ஆகும். இதற்கு எக்ஸ்பியின் ‘புரொபெஷனல்’ பதிப்பு தரும் சான்று குறிப்பிடத்தக்கது. அதில் ஒருவர் தம் கோப்புகளை மறைகுறியாக்கி வைத்திருந்து, அவரது கடவுச்சொல் இவ்வாறு வெளியிலிருந்து மாற்றப்படுமாயின், கணக்குத் திறக்கும், அக்கோப்புகள் திறவா. ஆசனம் கிடைக்கும், அதில் இருந்தவரின் மனம் கிடைக்காது. பதவியையும் ஆளையும் வேறுபடுத்த நாம் மறந்தாலும் இயந்திரம் மறப்பதில்லை.

இவ்வேறுபாடு எமது மண்ணுக்கு அந்நியமானதுமன்று. தமிழ்நாட்டார் போர்த்துக்கேய மொழிவழி வந்த ‘சாவி’ என்னும் சொல்லை வழங்க, ஈழத்தவர் ‘திறப்பு’ என்கின்றனர். பொருளுக்கு அதன் தொழிலே பெயராயிற்று. பூட்டுவதற்கும் அதுவே பயன்படுகின்றதெனினும், எம்மவர் அதனைப் பூட்டு என்று அழைத்தாரில்லை. வன்னியின் கிராமியக் குளங்களிலே துருசைத் திறப்பதும் மூடுவதும் வட்டவிதானையின் பொறுப்பாயிருந்தன. நீர் அவருக்குச் சொந்தமன்று. எவர் வயலுக்கு எப்போது பாய்தல் வேண்டும் என்ற ஒழுங்கே அவர் கையிலிருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கி, அப்பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் அளித்தது. பதவி போயிற்று, குளம் வற்றிவிடவில்லை. கணினி நிர்வாகியும் இத்தகைய வட்டவிதானையே. அவர் ஊரை விட்டுச் செல்லுமிடத்துப் பாடசாலையின் புள்ளிப் பதிவேட்டையும் வரவு இடாப்பையும் பூட்டி வைத்திருக்கும் உரிமை அவருடன் செல்லாது.

இதனை மறுத்த ஒருவரது வழக்கு உலகறிந்தது. சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தின் வலையமைப்புப் பொறியியலாளரான டெறி சைல்ட்ஸ், 2008இல் அதன் கடவுச்சொற்களைத் தம் மேலதிகாரிகளுக்குத் தர மறுத்தார். அவர்கள் அதனைக் கையாளத் தகுதியற்றவர்கள் என்பது அவர் கருத்து. சிறையில் சில நாட்கள் இருந்தபின், நகர முதல்வரிடம் மாத்திரம் அவற்றைக் கையளித்தார். 2010இல் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வலையமைப்பு பழுதின்றி இயங்கியது என்பதே இதில் வேடிக்கை. அவர் நீரை நிறுத்தவில்லை, துருசைத் தம்முடையதென்றார். தண்டனை கடுமையானதெனினும் தீர்ப்பின் அடிப்படை சரியென்றே நான் கொள்வேன்.

இதுவரை பதவியின் பக்கம். ஆளின் பக்கம் இத்துணை எளிதன்று. பதிவேடு கிடக்கும் அதே கணினியில் அவர் எழுதிய மடல்களும் புகைப்படங்களும் கிடக்கலாம். நிர்வாகியின் ஆசனத்தில் அமர்ந்தவர் எவரது அடைவினுள்ளும் புகுதல் கூடும். ஓமந்தைச் சோதனைச் சாவடியிற் பெட்டியைத் திறந்து காட்டியவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே எம்மில் பலர். அங்குங்கூடப் பெட்டிக்குரியவர் பக்கத்தில் நின்றார். தம் பொருள்களின் மேல் அந்நியர் கை படுவதைத் தாமே கண்டார். இல்லாத ஒருவரின் கணக்கைத் திறக்குமிடத்து அந்தச் சாட்சியமும் இல்லை.

இறந்தோர் வகையில் நோர்வேயின் இவார் ஓசன் நிலையத்தில் நிகழ்ந்ததை எடுத்துக் காட்டலாம். ரைடார் யூப்பெடால் என்ற அறிஞரது நூற்றொகுதியின் பட்டியல், அதனை ஆக்கியவர் கடவுச்சொல்லைக் கூறாது இறந்தமையாற் பூட்டுண்டு கிடந்தது. 2002இல் நிலையத்தார் பொதுமக்களிடம் உதவி வேண்டினர். சில மணிநேரத்தில் விடை வந்தது. அச்சொல், யூப்பெடாலின் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதியதே. அங்கு இறப்பு ஐயத்திற்கிடமற்றது. தேடப்பட்டதும் எல்லோருக்கும் பொதுவானதோர் நூற்பட்டியல். வன்னியில் இவ்விரண்டும் வாய்க்காத வீடுகள் உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் நாளும் வவுனியாவில் அதே மாதம் 24ஆம் நாளும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போனவரை இறந்தவராகப் பதிவுசெய்ய வழி வகுத்திருந்தது. அவ்வழியை ஏற்க மறுத்த குடும்பங்கள் பல. 2016இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், இறப்பைக் கூறாது, காணப்படாமையை மட்டும் குறிக்கும் சான்றிதழுக்கு இடமளித்தது. அதனைக் கொண்டு குடும்பத்தார் அவரது கருமங்கள் சிலவற்றை நடத்தலாம். அவர் இல்லாதொழிந்தார் என ஒப்பமிட வேண்டியதில்லை. அத்தகைய வீடொன்றில் மகன் பாவித்த பழைய கணினியொன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் கடவுச்சொல்லை அழிக்குமாறு கூறுதல், தாயின் காதில் மரணப் பதிவைப் போல ஒலித்தல் கூடும். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவோர் உளர். நான் அவ்வாறு ஒதுக்கேன். அழிக்கப்படுவது அவன் தன் விரலால் இட்ட கடைசிச் சொல்.

எனினும் திறவாதிருத்தலும் ஒரு நடுநிலையன்று. வன்தட்டு என்றும் நிலைத்திருக்கும் பொருளன்று. புழுதியும் வெக்கையும் அதன் ஆயுளைக் குறைக்கும். அதனுள் ஒரு படமோ முகவரியோ அவனைத் தேடுவோர்க்குத் துணையாகலாம். எனவே முறையொன்று எனக்குத் தோன்றுகின்றது. கணக்கைத் தொடுமுன், தட்டை உள்ளது உள்ளவாறே வேறொரு தட்டிற்குப் படியெடுத்தல் வேண்டும். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை, எதுவும் வாசிக்கப்படுவதுமில்லை. அழித்தல் நிகழுமாயின் படியில் நிகழட்டும். மூலத்தில் அவன் இட்ட பூட்டு அவன் இட்டவாறே இருக்கும். எந்த அடைவைத் திறப்பது, எதனை விடுவது என்பதைத் தாயே கூறட்டும். திருத்துநர் அவரை அருகில் இருத்திக்கொண்டே செய்யட்டும். அவனுக்கு மனைவியும் இருந்து, இருவரும் வேறுவேறு கூறுவாராயின் படி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இம்முறை விடை தரவில்லை. நான் அறிந்த சட்டமெதுவும் தரவில்லை.