அடுத்த வேஷம்

நாடகக்காரர்களின் டைரி ஜனவரியில் தொடங்குவதில்லை. மாசி பிறந்த பிறகுதான் அதில் மை விழ ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசிப் பக்கங்கள் கறுத்துக் கிடக்கும். ஆடி வரை ஓரளவு இருக்கும். அதற்கப்புறம் பெரும்பாலும் வெள்ளைத்தாள்.

மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது நாயக வேஷம், கட்டும் ஒருவரின் டைரியைப் புரட்டக் கிடைத்தது. தேதிக்குத் தேதி நான்கே விவரம்: ஊர், ஏஜெண்ட், நாடகம், வாங்கிய அட்வான்ஸ். வள்ளி திருமணத்தை 'வ.தி.' என்றும், அரிச்சந்திரா மயான காண்டத்தை 'அரி' என்றும் சுருக்கி எழுதியிருந்தார். வாய்ப்பேச்சோடு நிற்கும் தேதி பென்சிலில். அட்வான்ஸ் கைக்கு வந்ததும் அதன்மேலேயே பேனா. கார்த்திகைப் பக்கங்களில் நாடகம் இல்லாததால் அரிசிக் கணக்கும் மகளின் காலேஜ் ஃபீஸும் இடம்பிடித்திருந்தன.

"இன்னும் அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன். கம்பெனி நேர்காணல்களில் கேட்கிற கேள்வி. சிரித்துவிட்டு, "சித்ரா பௌர்ணமிக்கு எங்க இருப்பேங்கிறதே பென்சில்லதான் இருக்கு" என்றார்.

*

ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ஊர்க் கமிட்டி ஏஜெண்டிடம் சொல்லும். ஏஜெண்ட் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் நாயகியான ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பபூனையும் டான்ஸையும் வேறெங்கிருந்தோ பிடிப்பார். ஆர்மோனியம், மிருதங்கம், சில்லறை வாத்தியங்களுக்கான ஆல்ரவுண்ட் எல்லாம் தனித்தனி ஆள். ஒத்திகை இல்லை. ஊர்க் கோயில் பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பவுடர் பூசிக்கொண்டிருக்கும்போதுதான் அன்றைய வள்ளியை அன்றைய முருகன் பார்ப்பார். பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடியும்வரை ஓடிவிடும்.

கம்பெனி நாடகக் காலத்தில் நடிகனின் வாழ்க்கையைத் திட்டம் போட முதலாளி இருந்தார்; நல்லதோ கெட்டதோ, சோறு அவர் பொறுப்பு. இன்று ஒவ்வொரு நடிகரும் தனக்குத் தானே முதலாளி, கணக்குப்பிள்ளை, டிரைவர். இவர்களுக்குத் திட்டமே இல்லை என்று வெளியே இருப்பவர்கள் சொல்வது எனக்கு எரிச்சலூட்டும். மாதச் சம்பளக்காரர் யாரும் போடாத அளவுக்கு இவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தேதிகளை அடுத்தடுத்த ராத்திரிக்கு வாங்கினால் பஸ் செலவு மிச்சம். ஆனால் தொண்டைக்கு ஒரு ராத்திரி ஓய்வு போச்சு. இரண்டில் எது பெரிது என்பதை வைகாசியில் ஒரு மாதிரியும் ஆனியில் வேறு மாதிரியும் முடிவு செய்கிறார்கள்.

அவர்கள் கையில் இல்லாதவையும் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி; இந்த நாடகமோ பத்து மணிக்குத்தான் களைகட்டும். எந்த ஊரில் அனுமதி கிடைக்கும், எங்கே பாதியில் நிறுத்தச் சொல்வார்கள் என்பது அந்தந்த ஊர்க் கமிட்டியின் செல்வாக்கைப் பொறுத்தது. சித்திரையில் தேர்தல் வந்தால் அனுமதி இன்னும் இறுகும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. 2021 சீசனும் அதே கதி.

அதற்குப் பிறகு ஒரு பபூன் தனக்கென்று வைத்துக்கொண்ட இலக்கு: ஏஜெண்டிடம் கடன் வாங்காமல் ஒரு மார்கழியைத் தாண்டுவது. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் கடன் வாங்கியவர் அடுத்த சீசனில் அந்த ஏஜெண்ட் சொல்லும் தேதிக்கு, சொல்லும் தொகைக்குப் போயாக வேண்டும். கடன் இல்லாதவர்தான் "அந்தத் தேதி வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

*

ஒருவருடைய குரல் இறங்குவது அவருக்கு முன்னாலேயே ஆர்மோனியக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. மைக் இல்லாத காலத்தில் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டைச் சுதியில் பாடிக் கடைசி வரிசைவரை கேட்கவைத்தவர்களின் பரம்பரை இது. கட்டையைக் குறைப்பதை மானப் பிரச்சினையாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாடகத்தில் விடிகாலை நான்கு மணிக்கு மேல், ராஜபார்ட்டுக்கு மேல்ஸ்தாயி எட்டாதபோது, ஆர்மோனியக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் தன் விரலை மட்டும் ஒரு கட்டை தள்ளி வைத்ததைப் பார்த்தேன். ராஜபார்ட் அந்தச் சுதியைப் பிடித்துக்கொண்டு பாடினார். கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுவருஷம் எந்தக் கட்டையில் பாடுவது என்று அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினால் அதைவிட உபயோகமான திட்டம் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சை யார் முதலில் எடுப்பது?

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் இது இன்னும் கொடுமையாக இருந்தது. ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறந்த பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும். நேற்றுவரை தமயந்தி, இன்று எடுபிடி. பதின்மூன்று, பதினான்கு வயதில் முதல் ஓய்வு. அதற்கப்புறமும் ராஜபார்ட்டாகவோ காமிக்காகவோ நின்று பிடித்தவர்கள்தான் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று எந்தச் சரித்திரமும் எழுதவில்லை.

*

எவ்வளவு உயரம் போவது என்பதைவிட, அடுத்து எந்த வேஷத்துக்கு மாறுவது, எப்போது மாறுவது என்பதுதான் நடிகனின் கணக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு டி.கே. சண்முகம் ஞாபகம் வருகிறார்.

1912இல் பிறந்தவர். ஆறு வயதில், 1918இல், அண்ணன்மார்களோடு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தார். சுவாமிகள் அவருக்காகவே அபிமன்யு சுந்தரி எழுதியதாகச் சொல்வார்கள். அழகான, குரலுள்ள இளைஞன். ராஜபார்ட்டாகவே பல வருஷம் ஓட்டியிருக்கலாம். 1942இல், முப்பது வயதில், அவர் போட்டுக்கொண்டது கிழவி வேஷம். அவ்வையார். கூனி, கோலூன்றி, பொக்கை வாய்ப் பேச்சு. அந்த வேஷம்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சென்னையில் லாயிட்ஸ் ரோடே அவ்வை சண்முகம் சாலையாக மாறியது.

அவர் ஆயுள் கணக்குப் போட்டு அந்த வேஷத்தை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பலனைப் பாருங்கள். அபிமன்யுவை ஐம்பது வயதில் கட்ட முடியாது. அவ்வையை எந்த வயதிலும் கட்டலாம். வயது ஏற ஏற மேக்கப் குறையும். 1950இல் சகோதரர்களின் டி.கே.எஸ். கம்பெனி கலைந்த பிறகும் அவ்வை அவரோடு இருந்தாள்.

கே.பி. சுந்தராம்பாளின் கதையிலும் அதே கிழவி வருகிறாள். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். ஒரு நடிகை அந்த வயதில் நாயகி வேஷத்தைக் கைவிட்டால் தொழில் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மேடையில் ஏற்கெனவே ஆண் வேஷம் கட்டிப் பழகியவர். 1935இல் நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது அன்றைக்கு ஊர்ப்பேச்சு. 1953இல் ஜெமினியின் அவ்வையார் படம். 1965இல் திருவிளையாடலிலும் அதே அவ்வை. தன்மேல் தானே போட்டுக்கொண்ட ஒரு தடையைச் சுற்றித்தான் அவர் தொழில் முழுவதும் வளர்ந்திருக்கிறது.

இளமையிலேயே பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவள் அவ்வை என்பது நம் ஊர்க்கதை. கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கக் கேட்டாளாம். நாடகக்காரர்களுக்கு அவள் இவ்வளவு உதவுவாள் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள்.

எதிர்ப்பக்கம் பாட்டுக்குப் பேர்போன நடிகர் தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ஹரிதாஸ் படம் மூன்று தீபாவளி கண்டது. அந்த வருஷக் கடைசியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது, 1947இல் விடுதலை. வெளியே வந்தவர் அதே நாயகனாக, அதே பாட்டோடு திரும்ப வந்தார். சனங்களின் காது அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1959இல் இறந்தார். சிறைவாசத்தைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறோம். அவருக்கு இரண்டாவது வேஷம் என்று ஒன்று இல்லாததும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

*

சங்கரதாஸ் சுவாமிகளே நடிகராக இருந்து வாத்தியாரானவர்தான். எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் வேஷம் கட்டினால் பார்ப்பவர்கள் நடுங்குவார்களாம். கர்ப்பிணி ஒருத்தி பயந்து கரு கலைந்துபோனதால் வேஷத்தையே விட்டுவிட்டார் என்று ஒரு கதை. முழுதும் உண்மையா என்பதைவிட, நடிப்பை விட்ட பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். எழுதினார், பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1922இல் அவர் இறந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணத்தால்தான் இன்றைக்கும் அந்த டைரிகளின் 'வ.தி.' தேதிகள் நிரம்புகின்றன.

சென்னை சபா நாடகக்காரர்களின் வழி வேறு. நாகேஷ் ரயில்வேயில் இருந்தார். பாலசந்தர் ஏஜிஎஸ் ஆபீஸில் இருந்தார். கிரேஸி மோகன் இன்ஜினியராக சுந்தரம் க்ளேட்டனில் வேலை பார்த்தார். சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலத்தில் நாடகம். புத்திசாலித்தனமான ஏற்பாடு, மேடையில் கால் ஊன்றிய பிறகு வேலையை விடலாம். ஸ்பெஷல் நாடகக்காரருக்கு இந்த யோசனையைச் சொல்லிப் பயனில்லை. விடியற்காலையில் அரிதாரம் துடைத்து, முதல் பஸ்ஸில் தூங்கி வருகிறவர் எந்த ஆபீஸில் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுவார்?

*

ஆண்களுக்கு இந்த நாடகத்திலேயே படி இருக்கிறது. முருகன் கட்டி முடித்தவர் நாரதராகலாம். வள்ளியோடு தர்க்கம் பண்ணும் நாரதருக்குத் தொந்தி இருந்தால் யாரும் கேட்பதில்லை; நாலு புராணம் தெரிந்திருந்தால் வயது மதிப்பைக் கூட்டும். ஸ்திரீபார்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வள்ளிக்குப் புதுப் பிள்ளைதான் வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வெட்கமில்லாமல் கேட்பார்கள். ஊருக்கு ஊர் வள்ளியாகப் போன ஒருத்தியை, முப்பத்தைந்துக்கு மேல், கூப்பிடுவது மெல்லக் குறையும். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. போன் வராது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்திரீபார்ட் போன் வந்துகொண்டிருக்கும்போதே முடிவெடுத்தவர். நாடக நடிகர் சங்கத்து வாசலில் ஏஜெண்டோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து டீக்கடை பெஞ்சில்.

"ஏம்மா, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் ஒரு வள்ளி இருக்கு. போட்டுக்கவா?"

"வள்ளி வேணாம்ணே. சந்திரமதி இருந்தா சொல்லுங்க."

"அரிச்சந்திரா எத்தனை ஊர்ல கேக்குறாங்க? எல்லாரும் வள்ளிதான் கேக்குறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் நீ தாராளமா கட்டலாமே."

"தெரியும்ணே. அந்த ரெண்டு வருஷம் முடிஞ்சப்புறம் சந்திரமதி கேட்டா, வள்ளி கட்ட முடியாம வந்திருக்கான்னு சொல்வீக. இப்பக் கேட்டா, பிள்ளையப் பறிகொடுத்த தாயாப் பாடுறதுக்கு ஆளு இருக்குன்னு சொல்வீக."

ஏஜெண்ட் பதில் சொல்லாமல் டைரியைப் புரட்டினார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "தொகை அதேதான்?" என்றார்.

"அதைவிட நூறு கூட. லோகிதாசனைத் தூக்கிக்கிட்டு நிக்கணும்ல?"

ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார். அந்த சீசனில் அந்த ஸ்திரீபார்ட்டுக்கு வந்த தேதிகள் போன வருஷத்தில் பாதிகூட இருக்காது. திருமங்கலம் பக்கம் ஒரு பிளாட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது, மூன்று தவணை பாக்கி விழுந்துவிட்டது, பிளாட்காரரிடம் ஆவணி வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன் என்றார். பிறகு அடுத்த நாடகத்துக்கு ஆர்மோனியம் யார் என்று விசாரிக்கப் போய்விட்டார்.