காணாமையும் இன்மையும்

சர்க்யூட் போர்டுகளில் வேவுக் கருவி ஒளிந்திருக்கிறதா என்று பரிசோதிப்பவன் எழுதக்கூடிய அதிகபட்ச வாக்கியம் இது: ‘சந்தேகத்திற்குரிய எதுவும் காணப்படவில்லை.’ அதைப் படிப்பவனுக்கு வேண்டியதோ ‘எதுவும் இல்லை’ என்ற வாக்கியம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் என் பிரச்னை. இதை வெறும் சொல் விவகாரமாக நான் நினைக்கவில்லை.

பரிசோதனை என்பது அடிப்படையில் ஒப்பிடுவது. பழுதற்றது என்று ஏற்கப்பட்ட ஒரு மாதிரிப் பலகையை வைத்துக்கொண்டு, மற்றதை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உள்ளடுக்குகளில் ஓடும் செப்புத் தடங்களைப் பின்தொடர்கிறார்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்கிறார்கள். வித்தியாசம் இருந்தால் சந்தேகம். ஆனால் மாதிரியைச் சந்தேகிக்க இன்னொரு மாதிரி வேண்டும். ஆக, சந்தேகிப்பவனுக்கும் காலூன்ற ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது. 1984இல் அச்சான டூரிங் பரிசு உரையில் கென் தாம்ஸன் மென்பொருள் விஷயத்தில் காட்டியதும் இதையே: மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும், அதை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்குள் ஒளிந்திருப்பது அகப்படாது.

பாட்ட மீமாம்சகர்கள் காணாமையை, அனுபலப்தியை, தனிப் பிரமாணமாக ஏற்றவர்கள். தரையில் குடம் தெரியவில்லை, ஆகவே குடம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் குடம் தெரியாதது எதையும் நிரூபிக்காது.

ஒளிப்பவனின் வேலை முழுவதும் இந்த நிபந்தனையை உடைப்பதுதான். 1945இல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். அவருடைய இல்லத்தில் தொங்கிய அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது 1952இல்தான் வெளிப்பட்டது. அதற்கு பாட்டரி இல்லை, கம்பி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் உயிர்பெறும். மின்சாரத்தைத் தேடுகிறவனுக்கு அது வெறும் மரமும் உலோகமும். 1984இல் அதே நாட்டுத் தூதரகத்தின் ஐபிஎம் தட்டச்சு இயந்திரங்களில், ஓர் உலோகச் சட்டத்திற்குள் இருந்ததை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. மொத்தம் 16 இயந்திரங்கள். 2013இல் சில ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமாகப் போனார்கள்: சிப்பின் உலோகத் தடங்களைத் தொடாமல், சிலிக்கனில் கலக்கும் மாசுப் பொருளை மட்டும் மாற்றினார்கள். சாதாரண நுண்ணோக்கியில் அது மாதிரியைப் போலவே இருக்கும். மறு வருஷம் வேறு சிலர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வித்தியாசத்தைக் கண்டார்கள். விளக்கு நகர்கிறது, இருட்டும் கூடவே நகர்கிறது.

இதிலிருந்து, காணாமையே ஒளிப்பவனின் சாமர்த்தியத்திற்குச் சான்று என்று முடிவுகட்டுவது எளிது. 2018இல் ப்ளூம்பெர்க் பத்திரிகை, சூப்பர்மைக்ரோ பலகைகளில் சீனர்கள் நுண்சிப் பதித்தார்கள் என்று எழுதியது. சூப்பர்மைக்ரோவும் ஆப்பிளும் அமேசானும் மறுத்தன. அப்படிப்பட்ட பலகை எதுவும் பொதுப் பார்வைக்கு வைக்கப்படவில்லை. இருந்தும் அச்சம் நின்றுவிட்டது. அது ஆதாரமற்ற அச்சம் என்றும் சொல்ல முடியவில்லை: அமெரிக்க உளவு நிறுவனம் ரௌட்டர் பெட்டிகளை வழியில் மறித்துப் பிரித்ததை ஸ்னோடன் ஆவணங்கள் 2014இல் படத்தோடு காட்டின. சந்தேகிப்பவன் தன் கைத்தொழிலையே பிறன் கையில் காண்கிறான்.

இல்லாததை ‘உண்டு’ என்பதும் காணாததை ‘இல்லை’ என்பதும் எனக்கு ஒரே குற்றமாகப் படுகின்றன. இரண்டும் தன் பார்வையின் எல்லையைப் பொருளின் தன்மையாக அறிவிக்கின்றன. பரிசோதகனிடம் நான் கேட்பது நிச்சயத்தை அல்ல. எதைத் தேடினான், எந்தக் கருவியால், எது இருந்திருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பியிருக்கும், இவற்றைச் சொல்லட்டும். அவன் வாக்கியத்தை மேலே உள்ளவன் நீட்டினால், அந்த நீட்டலுக்கு அவன் பெயர் போட்டுக் கையெழுத்திடட்டும். ஏனென்றால் விலை கொடுப்பவன் அவர்கள் இருவருமே அல்ல. எந்த அறிக்கையையும் படிக்காமல் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பேசுகிறவன்.