வீட்டு அடைவில் யாருடைய ஆணை?

லினக்ஸ் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் ஹோம் டைரக்டரி எனப்படும் வீட்டு அடைவு ஒன்று உண்டு. கடிதங்கள், படங்கள், பிற கணினிகளுக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். எந்தக் கோப்பை யார் படிக்கலாம் என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்வது யுனிக்ஸ் மரபு. கட்டாய அணுகல் கட்டுப்பாடு இந்த மரபுக்கு மேல் இன்னொரு விதியை வைக்கிறது. உரிமையாளர் அனுமதித்தாலும் விதி மறுத்தால் கதவு திறக்காது. தன் வீட்டில் ஒருவரது விருப்பத்துக்கு மேல் ஓர் ஆணை இருக்கலாமா என்ற பழைய கேள்வி இங்கே கணினிக்குள் எழுகிறது.

இருக்கலாம் என்பவர்களின் வாதம் வலுவானது. பயனர் வேறு, அவர் பெயரில் ஓடும் நிரல் வேறு. பழைய முறையில் ஒரு பாட்டுக் கேட்கும் நிரலுக்கும் அதை இயக்கியவரின் முழு அதிகாரமும் கிடைத்துவிடும். நச்சுக் கோப்பு ஒன்று அந்த நிரலை ஏமாற்றினால், அது எஸ்எஸ்எச் சாவியையும் அவர் பெயரிலேயே படிக்கும். அதற்கு அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை. வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டுமே தர வேண்டும் என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதினார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் என்ற கட்டாய அணுகல் கட்டுப்பாட்டு அமைப்பு, அந்த நெறியைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் ஒன்று. 2003இல் அது லினக்ஸ் கர்னலிலேயே சேர்ந்தது.

எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் இடுகிறது. அதில் முக்கியமானது வகை; எந்த நிரல் எந்த வகையைத் தொடலாம் என்பதையே விதி சொல்கிறது. வீட்டு அடைவுக்கு ஒரு வகை, உள்ளே இருக்கும் சாதாரணக் கோப்புகளுக்கு ஒரு வகை, எஸ்எஸ்எச் சாவிகளுக்குத் தனி வகை, இணையத்தில் காட்ட வைத்த பக்கங்களுக்கு வேறொரு வகை. கோப்பின் பெயர் வைத்தவரின் விருப்பம். லேபிளோ அது எதற்கான பொருள் என்று சொல்வது. நன்னூல் காட்டும் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் வேறுபாடு இங்கே பொருந்துகிறது. பெயரை மாற்றினாலும் லேபிள் மாறாது. அதே வட்டுக்குள் கோப்பை நகர்த்தினால் பழைய லேபிள் கூடவே போகும். நகல் எடுத்தால் நகலுக்குப் பெரும்பாலும் புதிய இடத்தின் லேபிள் கிடைக்கும்.

ஆனால் விதியை எழுதுபவருக்கு எந்த வீடு எங்கே அமையும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அவர் ஒரு வார்ப்புரு மட்டும் எழுதிவைக்கிறார். பயனர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்குமான விதியைக் கணினியே நிரப்பிக்கொள்கிறது. நிர்வாகி வீட்டு அடைவுகளை வழக்கமில்லாத இடத்தில் தம் கையாலேயே அமைத்து, அதை விதிக்குச் சொல்லாமல் விட்டால் லேபிள் தவறிவிடும். யுனிக்ஸ் மரபுப்படியான உரிமைக் குறிகள் எல்லாம் சரியாக இருந்தும், சாவியைக் கொண்டு உள்ளே நுழைய முடியாமல் உரிமையாளரே வெளியில் நிற்பார். புதிய இடத்தைப் பழைய இடத்துக்கு இணையாக அறிவித்து லேபிள்களைத் திரும்ப இட்டால் சரியாகிவிடும். பலர் அதைச் செய்யாமல் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். தவறு விதியில் இல்லை, அதற்குத் தகவல் சொல்லாததில் இருக்கிறது.

பயனர் வேறு, நிரல் வேறு என்ற வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் சாதாரணப் பயனர் இயல்பாகவே கட்டுப்பாடற்றவராக வைக்கப்படுகிறார். இணைய சேவையகம் போன்ற பின்னணிச் சேவைகளிடமிருந்துதான் லேபிள் வீட்டைக் காக்கிறது. பயனர் தாமே இயக்கும் நிரலிடமிருந்து பெரும்பாலும் காப்பதில்லை. வாதம் முழுமை பெற வேண்டுமானால் அத்தகைய நிரலுக்கும் தனி எல்லை வகுக்க வேண்டும்.

சொந்தக் கணினியில் விதியை வைப்பவரும் வீட்டுக்காரரும் ஒருவரே. நிதானமாக இருக்கும்போது தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் வேலி அது, ஒரு விரதத்தைப் போல. அலுவலகச் சேவையகத்தில் அதே லேபிள் பிறர் வைக்கும் ஆணையாகிறது. அங்கே அது நியாயமாக இருக்க வேண்டுமானால், எந்தக் கோப்பை எந்த நிரல் தொட முடியும், ஏன் என்பதை நிர்வாகி பயனருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.