குடித்தும் தள்ளாடாதவன்

குடிக்கு அடிமையாவது விதியா, குற்றமா? மறைமலை நகர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் லைனில் இரண்டு பேர். ஒரே வயது, ஒரே சம்பளம். சம்பள நாளில் சேர்ந்தேதான் டாஸ்மாக்குக்குப் போவார்கள். ஒருவனுக்கு ஒரு கட்டிங்கிலேயே கண் சொருகிவிடும்; எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். மற்றவன் எவ்வளவு போட்டாலும் தள்ளாட மாட்டான். "ஆளு ஸ்டெடி" என்று லைனே மெச்சும். சில வருடங்களில் அந்த ஸ்டெடியான ஆளுக்குத்தான் காலை ஷிப்டில் கை நடுங்கியது. தகட்டில் வெர்னியரை வைத்து அளவு பார்க்க முடியாது. கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்கும்.

அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட் இதைத்தான் ஆராய்ந்தார். குடிநோயாளிகளின் மகன்களுக்கும் மற்ற இளைஞர்களுக்கும் ஒரே அளவு மது கொடுத்துப் பார்த்தார். போதை குறைவாக ஏறியவர்களே பிற்காலத்தில் அதிகம் அடிமையானார்கள். 'போதும்' என்று உடம்பு சொல்லாததால் அளவு கூடிக்கொண்டே போகிறது. இந்நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது. மீதி, தொடங்கிய வயது, மனத்துயரம், சேர்க்கை, கைக்கெட்டும் தூரத்தில் கடை.

அப்படியானால் இது விதிதானா? மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் சைவர். நானும் அந்த நெறியில் வளர்ந்தவன். தனு, கரணம், புவனம், போகம் நான்கும் வினைக்கேற்ப உயிருக்குத் தரப்படுபவை என்கிறது சைவ சித்தாந்தம். உடம்பும் மனமும் உலகமும் நுகர்வும் நாம் கேட்டு வாங்கியவை அல்ல. ஆனால் அவை தண்டனையாகத் தரப்படவில்லை. உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் நீங்குவதற்கான துணையாகவே தரப்பட்டன. வள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழைச் சொன்னதோடு நிற்கவில்லை. 62இல் ஆள்வினையுடைமையையும், 93இல் கள்ளுண்ணாமையையும் வைத்தார்.

ஆகவே, அளவோடு நிறுத்துகிறவர் அதை முழுக்கத் தன் ஒழுக்கம் என்று பெருமை கொள்ள வேண்டாம். விழுந்தவரை மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று ஏசவும் வேண்டாம். எந்த உடம்பு வாய்த்தது என்பது நம் கையில் இல்லை. தெரிந்தபின் அதைக் காப்பது நம் கடமை.

அப்பாவோ தாத்தாவோ குடியால் அழிந்த வீட்டுப் பிள்ளைகளே, "எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்பது பெருமையல்ல, எச்சரிக்கை. முதல் கிளாஸையே தொடாதீர்கள். ஏற்கெனவே சிக்கியவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவரிடம் போங்கள், வீட்டில் உள்ளவர்கள் கூடவே போங்கள்.