முகத்தைப் பார்த்து ஒரு தீர்ப்பு

1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியாவின் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது. ஒன்பது நீதிபதிகளில் மறுத்தவர் ஒருவரே. கேரியின் தாய், கேரி, கேரியின் மகள் மூவரும் மந்தபுத்திக்காரர்கள், இந்த வம்சம் போதும் என்ற பொருளில் தீர்ப்பெழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பெரிய மேதைதான்! கேரியின் மகள் விவியன் கைக்குழந்தையாக இருந்தபோது, பார்வைக்கு ஏதோ சரியில்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சொன்னதும் சாட்சியமாகிவிட்டது. அதே விவியன் 1931-இல் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இருந்தாள். எட்டு வயதில் இறந்துபோனாள். கேரியின் தங்கை டோரிஸுக்குக் குடல்வால் அறுவை என்று பொய் சொல்லிக் கருத்தடை செய்தார்கள். பிள்ளையில்லையே என்று பல ஆண்டுகள் ஏங்கிய பிறகே அவருக்கு உண்மை தெரிந்தது. அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல். வர்ஜீனியா தன் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை 1974-இல் நீக்கியது. உச்ச நீதிமன்றமோ அத்தீர்ப்பை இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.